தோற்ற பிறகு மட்டும் தேடும் நீதி

கூடைப்பந்தில், எதிரணியின் ஃபவுலுக்கு (விதிமீறலுக்கு) ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைப் போல எளிய வாய்ப்பு வேறு இல்லை. பதினைந்து அடி தூரம். குறுக்கே நின்று கையை நீட்ட ஆள் கிடையாது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம், பந்தை நாலு தடவை தரையில் தட்டிப் பார்க்கலாம், பிறகு எறியலாம். 2002 ஜூன் 2 அன்று, மாட்டுமணி ஆட்டிக் கத்தும் சொந்த ஊர்க் கூட்டத்தின் நடுவே, சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்கு இப்படி 30 வாய்ப்புகள் கிடைத்தன. 14 வாய்ப்புகளைத் தவறவிட்டார்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த 20 பந்துகளில் இரண்டுதான் கூடைக்குள் போயின. வழக்கமான நேரம் முடிந்தபோது இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. கூடுதல் நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அந்த ஏழாவது ஆட்டத்தை 112-106 என்று வென்று, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் மேற்குப் பிரிவு இறுதித் தொடரைக் கொண்டுபோனது.

அந்தத் தொடரைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் யாரும் இந்த 14-ஐப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டு நாள் முன்பு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஆறாவது ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அவர்கள் பேசுவதற்குக் காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு நான் வாதாடப் போவதில்லை. கிங்ஸ் 3-2 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் இறுதிப் போட்டி. அந்த ஆறாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், பன்னிரண்டே நிமிடங்களில், லேக்கர்ஸ் வீரர்கள் 27 ஃப்ரீ த்ரோக்கள் எறிந்தார்கள். கிங்ஸுக்குக் கிடைத்தவை 9. கிங்ஸின் விளாட் டிவாட்ஸும் ஸ்காட் பொல்லார்டும் ஆறு ஃபவுல் ஆகி வெளியே உட்கார்ந்தார்கள். அவற்றில் சிலவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்தால் உடலோடு உடல் பட்டதாகவே தெரியவில்லை. கடைசி நொடிகளில் லேக்கர்ஸின் கோபி பிரையன்ட்டின் முழங்கை கிங்ஸின் மைக் பிபியின் மூக்கில் இடித்தது. விசில் ஊதவில்லை. லேக்கர்ஸ் 106-102 என்று வென்றது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்தியாளர் மைக்கேல் வில்பன் அந்த நடுவர் பணியைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். நுகர்வோர் உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய ரால்ஃப் நேடர், விசாரணை வேண்டும் என்று என்பிஏ ஆணையர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கடிதம் எழுதினார். கண் உள்ள எவரும் அந்த ஆட்டத்தை நல்ல நடுவர் பணி என்று சொல்ல முடியாது.

ஆறாவது ஆட்டத்தில் மூன்று மனிதர்கள் தங்கள் வேலையில் தவறினார்கள். ஏழாவது ஆட்டத்தில் இன்னும் சில மனிதர்கள் தங்கள் வேலையில் தவறினார்கள். முதல் கூட்டத்துக்கு ஏழடி உயர உடல்கள் மோதிக்கொள்ளும் நெரிசலில், பாதி மறைந்த கோணத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிவெடுக்கும் வேலை. இரண்டாவது கூட்டத்துக்கு, யாரும் தடுக்காத இடத்தில் நின்று, சிறு வயதிலிருந்து லட்சம் தடவை எறிந்து பழகிய பந்தை இன்னொரு தடவை எறியும் வேலை. இவற்றில் எது மன்னிக்கத்தக்க தவறு? கடினமான வேலையில் நேர்ந்ததா, எளிய வேலையில் நேர்ந்ததா? நியாயமாகப் பார்த்தால் நடுவருக்குத்தான் அதிகச் சலுகை கிடைக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். வீரன் தவறவிட்டால் பாவம், பதற்றம், துரதிர்ஷ்டம். நடுவர் தவறவிட்டால் லஞ்சம், சதி, லீக் தலைமையின் உத்தரவு.

வீரன் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவைப் பார்த்து, ‘இவன் எதிரணியிடம் காசு வாங்கிவிட்டான்’ என்று கிங்ஸ் ரசிகர் எவரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதும் சரிதான், ஏனென்றால் ஆதாரம் இல்லை. அதே ஆதாரம் இல்லாத நிலையில் நடுவரை மட்டும் திருடன் என்று அழைக்க எந்த அறம் அனுமதி தருகிறது? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ரசிகரை நான் பார்த்ததில்லை.

கவனிக்காமல் விடப்படும் இன்னொரு கணக்கும் அதே ஆறாவது ஆட்டத்தில் இருக்கிறது. ஃபவுல் கொடுப்பதால் மட்டும் புள்ளி வந்துவிடுவதில்லை. பந்து கூடைக்குள் விழ வேண்டும். லேக்கர்ஸின் ஷகீல் ஓ’நீல் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஃப்ரீ த்ரோவில் பாதிக்குச் சற்று மேலேதான் போட்டவர். அந்த ஒரே பலவீனத்தை நம்பி, அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்வதையே எதிரணிகள் ஒரு உத்தியாக வைத்திருந்தன. அன்றிரவு அவர் 17-ல் 13-ஐப் போட்டார். மொத்தம் 41 புள்ளிகள். எந்த நடுவரும் அந்த 13 பந்துகளைக் கூடைக்குள் தள்ளிவிடவில்லை.

அன்றைய மூன்று நடுவர்களில் ஒருவர் பாப் டெலானி. நடுவராவதற்கு முன்பு நியூ ஜெர்சி மாநிலக் காவல்துறையில் இருந்தவர். 1970-களில் பெயரை மாற்றிக்கொண்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மாஃபியா கும்பலுக்குள் ஒருவராக வாழ்ந்து உளவு சொன்னவர். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். அவர் துணிச்சல்காரர் என்பதால் அவர் ஊதிய விசில் எல்லாம் சரியாகிவிடாது. நல்ல மனிதரும் தவறான ஃபவுல் கொடுக்கலாம். ஆனால் ‘விலைபோனவன்’ என்ற சொல்லை அரங்கத்தின் மேல் வரிசையிலிருந்து வீசுகிறவர், அது யார் மேல் போய் விழுகிறது என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

கண்ணால் கண்டதைத்தானே சொல்கிறோம் என்று ரசிகர் சொல்வார். கண் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எழுபது ஆண்டுக்கு முந்தைய ஆதாரம் இருக்கிறது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்கள் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. ஆட்டம் முரட்டுத்தனமாகப் போனது. பிரின்ஸ்டன் நட்சத்திர வீரரின் மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் வீரர் ஒருவரின் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்தவை என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக எண்ணியது 9.8. டார்ட்மவுத் மாணவர்கள் தங்கள் அணியில் கண்டது 4.3. ஒரே படம், ஒரே ஆட்டம். 1954-ல் வெளியான அந்த ஆய்வில் இதைவிடப் பெரிய பாடம் ஒரு தந்தியில் இருக்கிறது. படத்தைப் பார்த்த டார்ட்மவுத் முன்னாள் மாணவர் ஒருவருக்கு, தன் அணி செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றங்கள் எதுவும் கண்ணில் படவில்லை. முக்கியமான பகுதிகளை யாரோ வெட்டிவிட்டார்கள், விடுபட்டதை உடனே அனுப்புங்கள் என்று அவர் தந்தி அடித்தார். அவர் பொய் சொல்லவில்லை. மனதாரத்தான் அப்படி நம்பினார்.

அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்கிறவனிடம் பேசிப் பார்க்கலாம். தன் கண்ணையே சாட்சியாகக் கொண்டுவருகிறவனிடம் எப்படிப் பேசுவது?

ரசிகர் கூட்டத்தில் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. ‘பந்து பொய் சொல்லாது’ என்பார்கள். ரஷீட் வாலஸ் என்ற வீரர் அரங்கங்களில் முழங்கிப் பரப்பிய வாசகம் அது. தவறான ஃபவுலில் கிடைத்த ஃப்ரீ த்ரோ குறி தவறினால், நடுவர் பொய் சொன்னாலும் பந்து உண்மையைச் சொல்லிவிட்டது என்று பொருள். 2012 டிசம்பரில் நியூயார்க் அணிக்காக ஆடியபோது இதையே கத்தி அவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். என்பிஏவில் சராசரியாக நான்கு ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று குறி தவறும். நியாயமான ஃபவுலுக்குப் பிறகும் தவறும், அநியாயமான ஃபவுலுக்குப் பிறகும் தவறும். மிச்ச மூன்று விழும்போது பந்து பொய் சொல்லிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பலித்த ஜோசியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. கோயிலுக்குப் போகாத, ராசிபலன் பார்க்காத, படித்த இளைஞர்கள் கூட இதைச் சொல்லும்போது கைதட்டுகிறார்கள். பந்துக்குள் ஒரு நீதிதேவதை உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்புகிற மனத்துக்கு, விசிலுக்குள் ஒரு பிசாசு உட்கார்ந்திருக்கிறது என்று நம்புவதும் கடினமாக இருக்காது.

‘டிம் டோனகி?’ என்று இந்த இடத்தில் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என்பிஏ நடுவராக இருந்த டோனகி, தான் நடுவராக நின்ற ஆட்டங்களுக்கே சூதாட்டத் தகவல் கொடுத்துக் காசு பார்த்தார். 2007 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2008 ஜூலையில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆகவே நடுவர் விலைபோக முடியும், விலைபோயிருக்கிறார். இதை மறுக்கிற பகுத்தறிவு பகுத்தறிவே அல்ல.

ஆனால் அவரைப் பிடித்தது யார்? அவர் நின்ற ஒவ்வொரு அரங்கிலும் ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு விசிலுக்கும் ‘திருடன், திருடன்’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கத்தல் ஒன்றும் பிடிக்கவில்லை. நியூயார்க்கின் காம்பினோ குற்றக் கும்பலைத் துருவிக்கொண்டிருந்த எஃப்பிஐ, அந்த விசாரணையின் வழியில் அவர் பெயரைக் கண்டெடுத்தது. எல்லா நடுவரையும் எல்லா இரவும் திருடன் என்று கூப்பிட்டால், உண்மைத் திருடனுக்கு அதைவிடப் பாதுகாப்பான மறைவிடம் கிடையாது. ஆயிரம் பொய்க் குற்றச்சாட்டுகளின் நடுவே ஒரு மெய்க் குற்றச்சாட்டு எப்படித் தனியாகத் தெரியும்? விளையாட்டை நேசிக்கிறவர்கள் இதற்காகவாவது தங்கள் வாயைக் காக்க வேண்டும்.

அதே டோனகி 2008 ஜூனில், தண்டனைக்காகக் காத்திருந்தபோது, தன் வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம் கொடுத்தார். 2002-ல் ஒரு தொடரின் ஆறாவது ஆட்டத்தில் இரண்டு நடுவர்கள், தொடர் ஏழாவது ஆட்டம் வரை நீள வேண்டும் என்பதற்காக ஒருபக்கமாக நடந்துகொண்டார்கள் என்றது அது. எந்த ஆட்டம் என்று எல்லோருக்கும் புரிந்தது. அன்று அவர் அந்த ஆட்டத்தில் நடுவராக இல்லை. வழக்கறிஞர் லாரன்ஸ் பெடோவிட்ஸ் நடத்திய விசாரணை 2008 அக்டோபரில் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றது. என்பிஏ பணம் கொடுத்து நடத்திய விசாரணைதானே என்று சந்தேகப்படலாம், தப்பில்லை. ஆனால் புலனாய்வு செய்த அரசுத் தரப்பும் வேறு எந்த நடுவர் மேலும் வழக்குப் போடவில்லை. இதற்கு மேல் கையில் இருப்பது, பணத்துக்காகத் தன் தொழிலை விற்றதாக ஒப்புக்கொண்ட ஒருவரின் சொல் மட்டும். அவர் தன்னைப் பற்றிச் சொன்னபோது ‘பொய்யன்’ என்றும், தாங்கள் கேட்க ஆசைப்பட்டதைச் சொன்னபோது ‘சாட்சி’ என்றும் ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள்.

நடுவர்களிடம் சாய்வே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த விதத்தில்தான் என் அக்கறை. ஜோசஃப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1991 முதல் 2004 வரையிலான என்பிஏ ஆட்டங்களை எடுத்து, எந்த நிற நடுவர் குழு எந்த நிற வீரர்களுக்கு எத்தனை ஃபவுல் கொடுத்தது என்று கணக்கிட்டார்கள். நடுவர் குழு வேற்று இனத்தவராக இருக்கும்போது ஒரு வீரருக்கு விழும் ஃபவுல் 4 சதவீதம் வரை கூடியது. கண்ணால் பார்க்க முடியாத அளவு. ஓர் ஆட்டத்தை நூறு தடவை ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. பதின்மூன்று ஆண்டுக் கணக்கைக் கூட்டினால்தான் தெரியும். 2007-ல் இது பத்திரிகைகளில் பெரிய செய்தியானது, என்பிஏ மறுத்தது. பிறகு அதே ஆய்வாளர்கள் டெவின் போப்புடன் சேர்ந்து அடுத்து வந்த ஆண்டுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்தச் சாய்வு மறைந்திருந்தது. நடுவர்களை மாற்றவில்லை, தண்டிக்கவில்லை. தங்களுக்குள் அப்படி ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவந்ததே மாற்றத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அம்மை கண்டால் அம்மனின் கோபம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அம்மையில் பிள்ளையை இழந்த தாயின் துயரம் முழு உண்மை. அவள் சொன்ன காரணம் தவறு. துயரம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு முகமுள்ள ஒரு காரணத்தை மனம் கேட்கிறது. கிங்ஸ் ரசிகரின் துயரத்தையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்த அணி கடைசியாகப் பட்டம் வென்றது 1951-ல், ராச்செஸ்டர் ராயல்ஸ் என்ற பெயரில், வேறோர் ஊரில். 2006-க்குப் பிறகு 2023 வரை பதினாறு பருவங்கள் தொடர்ந்து பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு 2002-ல் வந்து கையை விட்டுப் போனது. அந்த வலியில் இருக்கும் மனிதனிடம் ‘14 ஃப்ரீ த்ரோ’ என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய அவமரியாதை என்று நினைக்கிறேன். உண்மையைத் தாங்கும் பலம் அவனுக்கு இல்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

வெறும் பேச்சாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2017 மார்ச் 26 அன்று மெம்ஃபிஸில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் காலிறுதியில் கென்டக்கி பல்கலைக்கழக அணி வட கரோலினாவிடம் 75-73 என்று தோற்றது. கடைசி நொடியில் லூக் மேய் எறிந்த பந்து கூடைக்குள் போனதுதான் தோல்விக்கு நேரடிக் காரணம். ஆட்டம் முடிந்ததும் கென்டக்கியின் பயிற்சியாளர் ஜான் கேலிபரி, தன் வீரர்கள் மேல் ஏறிய ஃபவுல்களைச் சுட்டிக்காட்டி மனக்குறையை வெளிப்படுத்தினார். அன்றைய நடுவர்களில் ஒருவர் ஜான் ஹிக்கின்ஸ். நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் வீடுகளுக்குக் கூரை போடும் தொழில் நடத்துகிறவர். அடுத்த சில நாட்களில் அவர் நிறுவனத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன. கொலை மிரட்டல்கள் வந்தன. வாடிக்கையாளர் கருத்து எழுதும் பக்கங்களில், அவர் கூரை போட்ட வீட்டைக் கண்ணாலும் பார்த்திராத கென்டக்கிக்காரர்கள் ‘மோசமான வேலை, ஏமாற்றுக்காரர்’ என்று எழுதி மதிப்பெண்ணைத் தரைமட்டமாக்கினார்கள். அவர் காவல்துறையின் உதவியை நாட வேண்டியிருந்தது.

அந்தப் பொய்க் கருத்து எழுதியவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அவர்களில் ஆசிரியர்கள் இருந்திருப்பார்கள், தகப்பன்மார்கள் இருந்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் இருந்திருப்பார்கள். மற்ற நாட்களில் சிறு தொழில் நடத்தும் ஒருவரின் பிழைப்பில் மண் போட நினைக்காதவர்கள். ‘நடுவர் நேர்மையாக இல்லை’ என்று குற்றம் சாட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்த ஆயுதம் பொய்ச்சாட்சி. பார்க்காத வேலையை மோசம் என்று எழுதினார்கள். நேர்மையின்மையைக் கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நேர்மையின்மையில் இறங்கியதை அவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்? ஹிக்கின்ஸின் விசிலில் தவறு இருந்ததா என்பதை நிபுணர்கள் விவாதிக்கலாம். அந்தக் கருத்துகள் பொய் என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

இதைத் தூண்டியதாக ஒரு விளையாட்டு வானொலி நிறுவனத்தின் மேல் ஹிக்கின்ஸ் வழக்குப் போட்டார். 2019-ல் வழக்கு தள்ளுபடியானது, 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடுவரின் பணி பொது அக்கறைக்குரிய விஷயம், அதை விமர்சிக்கும் பேச்சுக்கு அமெரிக்க அரசமைப்பு காவல் நிற்கிறது என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு சரி என்றே கருதுகிறேன். பேச்சுரிமையைச் சுருக்கி நடுவரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் சட்டம் தண்டிக்காது என்பது ஒரு செயலை நல்ல செயலாக மாற்றிவிடாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் 2018-19-க்கும் 2021-22-க்கும் இடையில் ஏறக்குறைய 50,000 நடுவர்கள் பணியை விட்டு விலகினார்கள். கொரோனாவுக்கு அதில் பெரிய பங்குண்டு. பெற்றோரும் பார்வையாளரும் வீசும் வசவும் விலகியவர்கள் சொல்லும் காரணங்களில் முன்னால் நிற்கிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உருவாக்கி 13 விதிகள் எழுதியபோது, அவற்றில் இரண்டை நடுவர்களுக்கே ஒதுக்கினார். நடுவர் இல்லாமல் இந்த ஆட்டம் ஒருநாளும் இருந்ததில்லை.

அநியாயத்தை விழுங்கிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதியில் அமெரிக்கா 50-49 என்று முன்னால் இருந்தபோது, கடைசி மூன்று நொடிகளைத் திரும்பத் திரும்ப ஆட வைத்தார்கள். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ், அதிகாரம் இல்லாத இடத்தில் இறங்கி வந்து கடிகாரத்தை மாற்றச் சொன்னார். மூன்றாவது தடவை அலெக்சாண்டர் பெலோவ் பந்தைப் போட்டார், சோவியத் ஒன்றியம் 51-50 என்று வென்றது. அமெரிக்க அணி முறைப்படி மேல்முறையீடு செய்தது. ஐவர் குழு 3-2 என்று நிராகரித்தது. வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவில்லை. இன்றுவரை வாங்கவில்லை. அணித்தலைவர் கென்னி டேவிஸ், தனக்குப் பிறகு மனைவி மக்களும் அதை வாங்கக் கூடாது என்று உயிலில் எழுதி வைத்தார். அவர்கள் தரப்பு முழுக்க நியாயமா என்று இன்னும் வாதிடலாம். எதிர்ப்பு நேரானது. விலையைத் தாங்களே கொடுத்தார்கள். வேறு யார் வீட்டுக் கூரை மேலும் கல் எறியவில்லை.

கென்டக்கியில் அந்தக் கருத்துகளை எழுதியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்?

தோற்றவர்களைப் பற்றியே இதுவரை பேசினேன். எனக்கு உண்மையில் கோபம் வென்றவர்கள் மேல்தான். 2002-ன் அதே தொடரில் நான்காவது ஆட்டத்துக்கு வாருங்கள். முதல் பாதி முடியும் நேரத்தில் லேக்கர்ஸின் சமாகி வாக்கர் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் போனது, மூன்று புள்ளி கொடுத்தார்கள். பந்து அவர் கையை விட்டபோது நேரம் முடிந்துவிட்டது. இதில் பார்வைக் கோணம் இல்லை, உடல் பட்டதா இல்லையா என்ற வாதம் இல்லை. கடிகாரமும் பந்தும் மட்டும். மறு ஒளிபரப்பில் எல்லோரும் பார்த்தார்கள். அன்றைய விதிப்படி நடுவர்கள் திரையைப் பார்க்க முடியாது. ராபர்ட் ஹாரி கடைசி நொடியில் போட்ட பந்தால் லேக்கர்ஸ் 100-99 என்று வென்றது. ஒரு புள்ளி வித்தியாசம், மூன்று புள்ளி தவறு. அடுத்த பருவத்திலிருந்தே கடைசி நொடி எறிதல்களைத் திரையில் பார்த்து முடிவு செய்யும் விதியை என்பிஏ கொண்டுவந்தது. மறுக்க முடியாத படம் கையில் இருந்ததால் அந்தச் சீர்திருத்தம் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் அந்த வெற்றியின் மேல் சின்னக் கறையாவது இருக்கிறது என்று சொன்ன குரல் எங்கே?

நடுவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று கேட்கிற கூட்டமே அவரைச் சாய்க்கும் வேலையையும் செய்கிறது. இங்கிலாந்தில் ஆலன் நெவில் குழுவினர் 40 கால்பந்து நடுவர்களுக்கு 47 மோதல்களைத் திரையில் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தத்தைக் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போய், எதிரணி ஃப்ரீ த்ரோ எறியும்போது கையை ஆட்டி, விசில் ஊதியதும் ஊளையிடுகிற ஒவ்வொருவரும் இந்தச் சாய்வுக்குப் பங்களிக்கிறார்கள். சாய்வு தன் பக்கம் வரும் வரை அதற்குப் பெயர் ‘சொந்த ஊர்ப் பலம்’.

2023 ஜனவரி 28 அன்று பாஸ்டனில், சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நொடியில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடைக்குப் பக்கத்தில் எறிந்தபோது பாஸ்டனின் ஜேசன் டேட்டம் அவர் கையில் அடித்தார். விசில் இல்லை. லேக்கர்ஸ் கூடுதல் நேரத்தில் 125-121 என்று தோற்றது. லெப்ரான் முழங்காலில் விழுந்து தலையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் நடுவர் சங்கமே தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் சொன்னது. லேக்கர்ஸ் ரசிகர்கள் நீதி கேட்டார்கள். கேட்டது சரி. சமாகி வாக்கரின் மூன்று புள்ளிக்கும் 27 ஃப்ரீ த்ரோவுக்கும் அதே தராசை அவர்கள் எடுத்திருந்தால், அந்தக் குரலுக்கு நான் எழுந்து நின்றிருப்பேன்.

2025 ஏப்ரல் 27 அன்று டெட்ராய்ட்டில் நடந்த பிளேஆஃப் தொடர் ஆட்டத்தில் நியூயார்க் நிக்ஸ் 94-93 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி நொடியில் டெட்ராய்ட்டின் டிம் ஹார்டவே ஜூனியர் மூன்று புள்ளிக்கு எறியும்போது ஜோஷ் ஹார்ட் அவர் மேல் மோதினார். விசில் இல்லை, ஆட்டம் முடிந்தது. அன்றிரவே தலைமை நடுவர் டேவிட் கத்ரி, மறுபடி பார்த்தபோது அது ஃபவுல் என்று தெரிகிறது, கொடுத்திருக்க வேண்டும் என்று செய்தியாளரிடம் சொன்னார். மூன்று ஃப்ரீ த்ரோக்கள், ஒரு புள்ளி வித்தியாசம். டெட்ராய்ட் அணி இரண்டு நாள் கழித்து நியூயார்க் போய் 106-103 என்று வென்றது. பிறகு மே 1 அன்று சொந்த அரங்கில் 116-113 என்று தோற்று வெளியேறியது.

டெட்ராய்ட் ரசிகரிடம் நான் கேட்க எதுவும் இல்லை. அவருக்கு நேர்ந்த இழப்பும் உண்மை, தவறும் உண்மை, ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. நியூயார்க் ரசிகரிடம் கேட்கிறேன். தலைமை நடுவரின் அந்தச் சொற்களை அன்றிரவு நீங்களும் படித்தீர்கள். தொடரில் 3-1 என்ற முன்னிலை உங்கள் கையில் இருந்தது. ‘இந்த மூன்று வெற்றிகளில் ஒன்று சந்தேகத்துக்குரியது’ என்று பக்கத்து இருக்கைக்காரரிடமாவது சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், அடுத்த பருவத்தில் ஒரு விசில் உங்கள் அணிக்கு எதிராகத் தவறும்போது ‘நீதி’ என்ற சொல்லை எந்த உரிமையில் எடுப்பீர்கள்?